டேக்வாண்டோவா, கிக் பாக்ஸிங்கா? புதிதாகச் சேருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரத்தில் பள்ளி மைதானத்தில் வெள்ளை உடையில் உதை பழகும் பிள்ளைகளைப் பார்த்தால், அது எந்தக் கலையாக இருந்தாலும் ‘கராத்தே கிளாஸ்’ என்று சொல்லிவிட்டு நடப்பது நம் ஊர் வழக்கம். சேர்வதற்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு அந்தப் பொதுப்பெயர் போதாது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் முதலில் டேக்வாண்டோ பழகி, சில ஆண்டுகள் கழித்துக் கிக் பாக்ஸிங்குக்கு மாறியவன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் சாய்வு எங்காவது தென்பட்டால் அதற்கு அதுவே காரணம்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

போட்டி விதிதான். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தவை. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. மார்புக் கவசத்தின் மீது விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2 புள்ளி, தலைக்குச் செல்லும் உதைக்கு 3 புள்ளி, சுழன்று உதைத்தால் அதைவிடக் கூடுதல். தடைசெய்யப்பட்டதைச் செய்தால் நடுவர் ‘கம்ஜொம்’ என்று அறிவித்து எதிராளிக்கு 1 புள்ளி கொடுத்துவிடுவார். முகத்துக்குக் குத்து வராது என்று உறுதியாகத் தெரிந்த ஒருவர் கையை ஏன் கன்னத்தருகே வைத்திருக்கப் போகிறார்? கை தாழ்கிறது, உடல் பக்கவாட்டில் திரும்புகிறது, எடை லேசாகிக் கால் எந்நேரமும் எழும்பத் தயாராக நிற்கிறது.

கிக் பாக்ஸிங்கில் முகமே முதன்மையான இலக்குகளில் ஒன்று. ஆகவே இரு கைகளும் கன்னத்தை ஒட்டி உயர்ந்திருக்க, உடல் சற்று நேராக எதிராளியைப் பார்த்திருக்க, குத்தும் உதையும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. தொடையில் உதைக்க அனுமதிக்கும் வகைகளில் முன்காலில் அதிக எடையைப் போட்டு நிற்பவர் இரண்டு உதையிலேயே பாடம் கற்றுக்கொள்வார். எந்தக் கலை சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த விதிக்கு என் உடம்பைப் பழக்கப் போகிறேன் என்று கேட்டுக்கொள்வது பயன் தரும்.

எது பழமையானது?

பெயரளவில் இரண்டுமே 20ஆம் நூற்றாண்டின் பிள்ளைகள். சில பயிற்சிக்கூடங்களின் சுவரொட்டிகள் டேக்வாண்டோவுக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு சொல்லும். உண்மையில், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் கராத்தே கற்றுத் திரும்பிய கொரியர்கள் நடத்திய பல பள்ளிகள் பின்னர் ஒன்றுசேர்ந்ததில் உருவான கலை அது. ‘டேக்வாண்டோ’ என்ற பெயர் 1955இல்தான் முன்வைக்கப்பட்டது. கிக் பாக்ஸிங் என்ற பெயரை 1960களில் ஜப்பானைச் சேர்ந்த ஒசாமு நொகுச்சி என்ற குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தாய்லாந்தின் முய் தாய்க்கும் ஜப்பானியக் கராத்தேக்கும் நடுவே அது பிறந்தது. அமெரிக்காவில் 1970களில் கராத்தேக்காரர்கள் கையுறை அணிந்து முழு வேகத்தில் மோதத் தொடங்கியது தனிக் கிளை.

அந்த அமெரிக்கக் கிளையில் ஒரு வேடிக்கை நடந்தது. கையுறை அணிந்ததும் வீரர்கள் பலர் உதைப்பதை மறந்து குத்துச்சண்டை மட்டுமே போடத் தொடங்கவே, ஒரு சுற்றுக்கு இடுப்புக்கு மேல் குறைந்தது 8 உதைகளாவது உதைத்தாக வேண்டும் என்று விதி போட வேண்டியதாயிற்று.

ஒரே உதையை இரண்டிலும் வேறு மாதிரிக் கற்றுத் தருகிறார்களா?

ஆம், புதிதாகச் சேருபவர் முதலில் உணரும் வேறுபாடும் இதுவே. பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் உதையை எடுத்துக்கொள்வோம். டேக்வாண்டோவில் இதற்குத் தொல்யோ சாகி என்று பெயர். முழங்கால் முதலில் மடங்கி நேராக முன்னே உயர்கிறது, ஊன்றிய காலின் குதிகால் இலக்கை நோக்கித் திரும்புகிறது, இடுப்பு கவிழ்கிறது, அதன் பிறகுதான் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டையைப் போலச் சொடுக்கி, புறங்கால் இலக்கைத் தொட்டதும் வந்த வழியே மடங்கித் திரும்பிவிடுகிறது. முழங்கால் நேராக எழுவதால் வரப்போவது எந்த உதை என்று எதிராளிக்குக் கடைசி நொடிவரை தெரியாது.

கிக் பாக்ஸிங் கூடத்தில், குறிப்பாக முய் தாய் வாடை அதிகமுள்ள கூடத்தில், அதே உதையைக் காட்டினால் பயிற்றுநர் தலையசைத்து மறுப்பார். அங்கே கால் அதிகம் மடங்குவதில்லை. ஒரு சிறு அடி வெளியே எடுத்து வைத்து, இடுப்பை முழுவதுமாக வீசி, முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள முன்பக்க எலும்பால் இலக்கை ஊடுருவிச் செல்வதுபோல் அடிக்க வேண்டும். உதைக்கும் பக்கத்துக் கை கீழே வீசப்படும். மற்றக் கை கன்னத்தை விட்டு அகலாது. நான் மாறிய முதல் வாரம் பேடை (உதையைத் தாங்கப் பிடிக்கும் மெத்தையை) பிடித்திருந்தவர், “சத்தம் நல்லா வருது, பேடு மட்டும் நகரவே மாட்டேங்குது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கலைகளின் வேறுபாடும் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஆனால் அவரும் நானும் மெதுவாக ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகுவது) செய்தபோது என் கால் அவர் காதருகே சென்று நின்றதையும் சொல்லியாக வேண்டும்.

டேக்வாண்டோவிலேயே இரண்டு வகை இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கின்றன; சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஜெனரல் சோய் ஹொங் ஹி 1966இல் தொடங்கிய ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) ஒன்று, 1973இல் சியோலில் தொடங்கி, இன்று ‘வேர்ல்ட் டேக்வாண்டோ’ என்ற பெயரில் இயங்கும் அமைப்பு மற்றொன்று. ஒலிம்பிக்கில் இருப்பது இரண்டாவது. ஐ.டி.எஃப். முறையில் கையுறையும் பாத உறையும் அணிந்து, கட்டுப்படுத்திய வேகத்தில் முகத்திலும் குத்தலாம். அவர்களுடைய ‘துல்’ என்னும் அடவு வரிசைகள் மொத்தம் 24. ஒலிம்பிக் முறையில் அதே போன்ற வரிசைகளைப் பூம்சே என்பார்கள். தொடக்க நிலையில் தேகுக் என்ற 8 பூம்சேக்களைக் கற்க வேண்டும். உங்கள் பகுதியில் இருப்பது பெரும்பாலும் ஒலிம்பிக் முறையாகவே இருக்கும். குத்தும் வேண்டும், கொரிய மரபும் வேண்டும் என்பவர்கள் ஐ.டி.எஃப். கூடம் அருகில் இருந்தால் அதிருஷ்டசாலிகள்.

கிக் பாக்ஸிங் என்றால் முதல் நாளே அடி வாங்க வேண்டுமா?

இல்லை. ஒழுங்காக நடக்கும் கூடத்தில் முதல் இரண்டு மூன்று மாதங்கள் கயிறு தாண்டுவதும், நிழலோடு குத்திப் பழகுவதும், பேடிலும் பையிலும் அடிப்பதுமே நடக்கும். ஸ்பாரிங் அதன் பிறகு, அதுவும் உங்கள் சம்மதத்தோடு.

போட்டி என்று வந்தாலும் ஒரே அளவு கடுமை கிடையாது. 1976இல் தொடங்கப்பட்ட வாக்கோ என்ற உலக அமைப்பு போட்டிகளைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாயின்ட் ஃபைட்டிங்கில் ஓர் அடி பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுப்பார். டேக்வாண்டோவிலிருந்து வருபவருக்கு இது சொந்த வீடு மாதிரி இருக்கும். லைட் கான்டாக்ட்டில் நிறுத்தாமல், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தி மோத வேண்டும். கிக் லைட்டில் அதோடு தொடை உதையும் சேரும். இவை மூன்றும் விரிப்பின் மீது நடப்பவை. குத்துச்சண்டை மேடையில் நடக்கும் ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1 ஆகியவற்றில்தான் முழு பலத்தோடு அடிக்கலாம். வீரர் முழுநீளக் காற்சட்டை அணிந்திருந்தால் ஃபுல் கான்டாக்ட், அதாவது இடுப்புக்கு மேலே மட்டும் உதை; அரைக்காற்சட்டை என்றால் லோ கிக் அல்லது கே-1. கே-1 முறையில் முழங்காலாலும் தாக்கலாம்.

முய் தாயும் கிக் பாக்ஸிங்கும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. முய் தாயில் முழங்கைத் தாக்குதல் உண்டு. கழுத்தைப் பிடித்து நெருக்கி நின்று நீண்ட நேரம் போராடுவதும் உண்டு. இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கும் கூடங்கள் ஏராளம் என்பதால், உள்ளே எதைக் கற்றுத் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. எதில் சேர்ப்பது?

டேக்வாண்டோ. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதற்கான ஒழுங்கு அங்கே ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது: ‘சார்யோத்’ என்றால் நேராக நிற்பது, ‘க்யோங்னே’ என்றால் வணங்குவது, ‘ஹானா, துல், செத்’ என்று கொரிய மொழியில் எண்ணிக்கொண்டே உதைப்பது, சில மாதங்களுக்கு ஒருமுறை பெல்ட்டின் நிறம் மாறுவது. வளரும் வயதில் இடுப்பும் தொடையும் இளகி, ஒற்றைக் காலில் நின்று சமநிலை காக்கும் பழக்கம் வந்துவிட்டால் பின்னாளில் எந்த விளையாட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும். மேலும், தலையில் தொடர்ந்து குத்து வாங்கும் பயிற்சியைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கிக் பாக்ஸிங்கில்தான் சேர்ப்பேன் என்றால், பதின்ம வயதுவரை முகத்தில் அடி இல்லாத பயிற்சிதான் நடக்கும் என்று பயிற்றுநரிடம் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு முப்பத்தைந்து வயது. குனிந்தால் கை கால் விரலைத் தொடாது. டேக்வாண்டோ எனக்குச் சரிப்படுமா?

சேரலாம். ஆனால் முதல் ஆறு மாதங்கள் மனம் சற்றுச் சோர்ந்துபோகக்கூடும். தலைக்கு உதைக்கும் கலையில் இடுப்பு உயரத்துக்கு மேல் கால் எழாதவர், பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ஏங்குவது இயல்பு. உடல் வளைவு எந்த வயதிலும் ஓரளவு கூடும் என்றாலும் மெதுவாகத்தான் கூடும். அவசரப்பட்டு நீட்டித் தொடையின் பின்தசையைக் கிழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிக் பாக்ஸிங்கில் குத்தையும் தொடை உயர உதையையும் வைத்துக்கொண்டே முழுமையாகப் பழகலாம் என்பதால், பெரியவர்களாகத் தொடங்குவோருக்கு நான் பெரும்பாலும் அதையே சொல்கிறேன்.

ஒரு காலில் குறை இருந்தாலும் கலை கைவிடாது என்பதற்கு அமெரிக்க வீரர் பில் வாலஸ் நல்ல சாட்சி. ஜூடோ பழகும்போது வலது முழங்கால் பழுதானதால் ஏறக்குறைய இடது காலை மட்டுமே கொண்டு உதைத்தார். 1974இல் உலகப் பட்டம் வென்று, 1980இல் தோல்வியே காணாமல் ஓய்வுபெற்றார். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். ஊன்றிய காலைத் திருப்பி உதைக்கும் இரண்டு கலைகளுமே மூட்டைச் சோதிப்பவை.

எடை குறைய எது நல்லது?

மூச்சு வாங்க வைப்பதில் கிக் பாக்ஸிங் வகுப்புக்கே முதலிடம், ஏனென்றால் அங்கே நின்று கேட்கும் நேரம் குறைவு, அடிக்கும் நேரம் அதிகம். எடையோ பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் குறைகிறது. ‘கார்டியோ கிக் பாக்ஸிங்’ என்று உடற்பயிற்சிக் கூடங்களில் பாட்டு போட்டு நடத்துவது நல்ல உடற்பயிற்சிதான். அதில் எதிரே ஆள் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை.

தற்காப்புக்கு எது உதவும்?

எந்த விளையாட்டும் தெருவுக்காக உருவானதல்ல. தெருவில் ஈரத் தரை, செருப்பு, புடவை அல்லது இறுக்கமான ஜீன்ஸ், இரண்டாவது ஆள், கையில் ஏதாவது பொருள் என்று விதிப்புத்தகத்தில் இல்லாதவை எல்லாம் இருக்கும். அந்த நிலையில் தலை உயர உதைக்க முயல்வது விபரீதம். முகத்தை நோக்கி வரும் கையைப் பார்த்துக் கண்ணை மூடாமல் இருக்கும் பழக்கம், முகத்தை மூடிக்கொண்டு விலகும் கால் அசைவு, நேரான ஒரு குத்து ஆகிய மூன்றையும் கிக் பாக்ஸிங் விரைவில் தருகிறது. ஆகவே ஓராண்டுப் பயிற்சியை அளவாக வைத்தால் அதற்கே என் வாக்கு. இரண்டிலுமே பிடித்துத் தள்ளினால், தரையில் விழுந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் கிடையாது. அதற்கு ஜூடோ, மல்யுத்தம் போன்றவற்றைத்தான் நாட வேண்டும்.

காயம் எதில் அதிகம்?

வகை வேறு. டேக்வாண்டோவில் கால் விரல், புறங்கால், கணுக்கால், தொடைத்தசைப் பிடிப்பு ஆகியவை வழக்கமான தொல்லைகள். உதைக்கப்போய் எதிராளியின் முழங்கையில் புறங்கால் மோதுவது ஒருமுறை நடந்தால் ஒரு வாரம் செருப்பு போட முடியாது. கிக் பாக்ஸிங்கில் கட்டைவிரல், மணிக்கட்டு, மூக்கு, கால் முன்னெலும்பு. தலையில் அடிபடும் ஆபத்து இரண்டிலும் உண்டு: ஒன்றில் எப்போதாவது வரும் பலமான உதை, மற்றொன்றில் அடிக்கடி வரும் குத்து. இவற்றில் நீண்டகாலக் கவலைக்குரியது இரண்டாவதுதான். வாரந்தோறும் முழு வேக ஸ்பாரிங் நடத்தும் கூடத்தில் புதியவர்கள் சேராமல் இருப்பதே நல்லது. அடிபட்டபின் தலைசுற்றல், வாந்தி, மறதி எது இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கருப்பு பெல்ட் வாங்க எத்தனை ஆண்டு ஆகும்?

டேக்வாண்டோவில் 10ஆம் ‘கூப்’ என்ற வெள்ளை பெல்ட்டில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு எனக் கடந்து 1ஆம் கூப்பை எட்டிய பிறகு முதல் ‘தான்’, அதாவது கருப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கான தேர்வு. தவறாமல் பயிற்சிக்கு வருபவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தானுக்குப் பதில் ‘பூம்’ என்ற தகுதி வழங்கப்படுகிறது. ஒலிம்பிக் முறையில் சியோலில் உள்ள குக்கிவோன் நிறுவனத்தின் சான்றிதழுக்குத்தான் உலக மதிப்பு. அதன்படி முதல் தானிலிருந்து இரண்டாம் தானுக்கு ஓராண்டு, அடுத்ததற்கு இரண்டாண்டு என்று காத்திருக்க வேண்டும். ‘ஒரே ஆண்டில் கருப்பு பெல்ட்’ என்று சொல்பவர் உங்களுக்குத் துணியைத்தான் விற்கிறார்.

கிக் பாக்ஸிங்கில் சில கூடங்கள் பெல்ட் தருகின்றன, பல கூடங்கள் தருவதில்லை. நிறம் மாறுவது ஊக்கம் தரும் என்று தோன்றினால், அந்தக் காரணத்துக்காகவே டேக்வாண்டோவைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

போட்டிகளில் முன்னேற வாய்ப்பு எதில் அதிகம்?

அரசு விளையாட்டு அமைப்புகள் வழியாக மேலே செல்ல நினைப்பவருக்கு டேக்வாண்டோவின் பாதை தெளிவானது. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னி முதல் முழுப் பதக்க விளையாட்டாகிவிட்டது. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 4 எடைப்பிரிவுகள். பெரிய விளையாட்டுக் கட்டமைப்பு இல்லாத நாடுகளுக்கும் அது கதவு திறந்திருக்கிறது: ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2008இல் ரோஹுல்லா நிக்பாயும், ஜோர்டானின் முதல் பதக்கத்தை 2016இல் அஹ்மத் அபுகவுஷும் வென்றது டேக்வாண்டோவில்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கிலும் டோக்கியோ முதல் இது இருக்கிறது. இந்தியாவின் அருணா தன்வர் அதில் களமிறங்கினார்.

கிக் பாக்ஸிங் அமைப்பான வாக்கோவுக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021இல் முழு அங்கீகாரம் அளித்தது. அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக்கில் இடம்பெறுவது வேறு. இரண்டாவது இன்னும் நடக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டை எண்ணிப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், அந்தச் சங்கத்தின் சான்றிதழ் எங்கே செல்லும் என்பதைப் பயிற்றுநரின் வாய்மொழியை நம்பாமல் அரசின் அப்போதைய பட்டியலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரே விளையாட்டுக்கு இரண்டு மூன்று சங்கங்கள் சண்டையிட்டுக்கொண்டிருப்பது நம் நாட்டில் புதிதல்ல.

ஒலிம்பிக் டேக்வாண்டோ சலிப்பாக இருக்கிறது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசம் வந்தபின், பலமாக உதைப்பதைவிட முன்காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு கவசத்தின் உணரியைத் தொட்டுப் புள்ளி எடுப்பது லாபமாகிவிட்டது. சுழன்றடிக்கும் உதைக்குக் கூடுதல் புள்ளி, மூன்று சுற்றில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர் என்ற முறை என்று விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

மாதக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். டேக்வாண்டோவில் முதலில் தோபோக் என்ற உடை மட்டும் போதும். ஆனால் பெல்ட் தேர்வுக் கட்டணம் ஆண்டுக்குச் சில முறை வரும், அதைச் சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிக் பாக்ஸிங்கில் தேர்வுக் கட்டணம் குறைவு, கருவிச் செலவு முன்கூட்டியே: கையில் சுற்றும் துணிப்பட்டை, கையுறை, பற்காப்பு, கால் முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு. பை அடிக்க 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறை நல்லது. பொதுக் கையுறையை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். அதன் வாடையே உங்களைச் சொந்தமாக வாங்க வைத்துவிடும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பழகலாமா?

முதல் ஆண்டில் வேண்டாம். ஒன்றில் கையைத் தாழ்த்தவும் மற்றொன்றில் உயர்த்தவும் சொல்வார்கள், உடம்பு குழம்பும். ஒன்றில் காலூன்றிய பிறகு மாறலாம். டேக்வாண்டோவிலிருந்து வருபவருக்கு உதை ஆயத்தமாக இருக்கும், தலையசைவையும் குத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் போவது கடினம், ஏனெனில் உயர உதைக்கும் இடுப்பைப் பிற்பாடு உண்டாக்குவது நீண்ட வேலை.

நல்ல கூடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்கே அதிக எடை கொடுப்பேன். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் இருக்கும் நல்ல மாஸ்டர், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மிகச்சிறந்த மாஸ்டரைவிட உங்களுக்குப் பயன்படுவார். சேருமுன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அனுமதி மறுத்தால் அதுவே பதில். புதியவருக்கு யார் சொல்லித் தருகிறார், பெரிய எடைக்காரரைச் சிறியவரோடு மோத விடுகிறார்களா, அடிபட்டவரை உட்கார வைக்கிறார்களா அல்லது கேலி செய்கிறார்களா, பெண்கள் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வருகிறார்களா என்பவற்றைக் கவனியுங்கள். சுவரில் உள்ள கோப்பைகள் கண்ணில் படும் அளவுக்கு, பாதியில் நின்றுபோனவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

முதல் நாள் என்ன கொண்டு செல்ல வேண்டும்?

தண்ணீர், துண்டு, முழங்காலைத் தடுக்காத காற்சட்டை. கை கால் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி, கொலுசு, மெட்டியைக் கழற்ற முடிந்தவரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். கிக் பாக்ஸிங் என்றால் கைப்பட்டையை வீட்டிலேயே இரண்டு முறை சுற்றிப் பாருங்கள்: கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்களை அகல விரித்தபடி முட்டிகளின் மீது மூன்று சுற்று, விரலிடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாக, மீண்டும் மணிக்கட்டு. முஷ்டியை மூடும்போது இறுக்கமாகவும் திறக்கும்போது தளர்வாகவும் இருந்தால் சரியாகச் சுற்றியிருக்கிறீர்கள். விரல்நுனி வெளுத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள்.